கண்ணாடியிழைப் படகில் ஆழமானியின் உணரியைப் பொருத்துதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கடலின் ஆழத்தை ஒலியால் அளந்து திரையில் காட்டும் ஆழமானியை வாங்குவோர் பெரும்பாலும் திரையின் அளவைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். ஆனால் அந்தத் திரையில் தோன்றும் எண்ணை நம்பலாமா என்பதை முடிவுசெய்வது, படகின் பின்புறத்தில் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளங்கையளவு உணரிதான். கடைகளில் ட்ரான்ஸ்டியூசர் என்று கேட்டு வாங்கப்படும் இந்த உணரி தவறான இடத்தில் பூட்டப்பட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் படகு வேகமெடுத்த கணத்திலேயே ஆழத்தைக் காட்டாமல் நின்றுவிடும். யாழ்ப்பாணத்தின் குருநகர், பாசையூர், மயிலிட்டி, வல்வெட்டித்துறை முதலிய இறங்குதுறைகளில் பரவலாக உள்ள, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய 18 முதல் 23 அடி வரையான கண்ணாடியிழைப் படகுகளை மனத்திற்கொண்டே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. உள்ளிணைப்பு இயந்திரம் கொண்ட பெரிய படகுகளில் அடித்தளத்தையே துளைத்து உணரி பொருத்தப்படுவதுண்டு; அந்த வேலையைப் படகு கட்டும் தளத்திலுள்ள அனுபவசாலிகளிடம் விட்டுவிட வேண்டும். புதியவர் ஒருவர் நீர்மட்டத்துக்குக் கீழே படகின் அடியில் பெரிய துளை இடக்கூடாது.

கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால், பின்வரும் ஒவ்வொரு விதிக்கும் காரணம் தானாகவே விளங்கும். உணரி மனிதச் செவிக்கு எட்டாத அதிர்வெண் கொண்ட ஒலித் துடிப்பை நீருக்குள் செலுத்துகிறது. அந்த ஒலி கடலடியில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கருவி அளந்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்து ஆழத்தைச் சொல்கிறது. கடல்நீரில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் செல்கிறது. ஆகவே 15 மீற்றர் ஆழத்தில் ஒலி போய்த் திரும்ப ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கே ஆகிறது. எமது கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால் உண்மையான வேகம் இதைவிடச் சற்றுக் கூடுதலாக, 1540 மீற்றருக்கு அண்மையாக இருக்கும். அதனால் 1500 என்று கணக்கிடும் கருவி 10 மீற்றர் ஆழத்தை ஏறக்குறைய கால் மீற்றர் குறைத்துக் காட்டலாம். இருப்பதைவிட ஆழத்தைக் குறைத்துக் காட்டுவது பாதுகாப்பான பிழை என்பதால் இதையிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றியே. நீரிலும் கெட்டியான பொருள்களிலும் எளிதாகச் செல்லும் இந்த ஒலி, காற்றுக் குமிழியைச் சந்தித்தால் அங்கேயே சிதறித் தெறித்துவிடும். உணரியின் முகத்துக்கு முன்னால் குமிழிகள் நிறைந்த வெள்ளை நுரை ஓடினால், கருவி ஒன்றும் அறியாது. உணரியைப் பொருத்தும் கலை முழுவதும், படகு ஓடும்போது குமிழி இல்லாத தெளிந்த நீரில் அதை எப்படி வைத்திருப்பது என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

எந்த உணரி, எந்த வகைப் பொருத்தல்

பாக்கு நீரிணையின் தென்பகுதியில் உள்ள பாக்கு விரிகுடா பெரும்பாலும் 15 மீற்றருக்கு உட்பட்ட ஆழமே கொண்டது. யாழ்ப்பாணப் பரவைக்கடலிலோ பல இடங்களில் ஒரு பாகம் (ஆறு அடி) நீர்கூட இல்லை. இத்தகைய நீரில் தொழில் செய்வோருக்கு 200 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண்ணே போதும். அதன் கற்றை ஒடுங்கியது. ஏறத்தாழ 20 பாகைக் கூம்பு என்று கொண்டால், 10 மீற்றர் ஆழத்தில் மூன்றரை மீற்றர் அகலமான கடலடியைப் பார்க்கிறது. 50 கிலோஹேர்ட்ஸ் ஒலி ஆழமாக ஊடுருவும், ஆனால் 45 பாகை அளவுக்கு விரிந்துவிடும். அதே 10 மீற்றரில் எட்டு மீற்றருக்கும் கூடுதலான அகலத்தை ஒரே புள்ளியாகச் சுருக்கிச் சொல்வதால், முருகைக்கல்லின் விளிம்பும் அதற்கடுத்த பள்ளமும் ஒன்றாகக் கலந்துவிடும். பருத்தித்துறைக்கு அப்பால் வங்காள விரிகுடாவின் ஆழமான பகுதிகளுக்குப் போகிறவர்களுக்கே தாழ்ந்த அதிர்வெண் உண்மையில் பயன்படும்.

பொருத்தும் முறையைப் பொறுத்தவரை எம்மவர்க்கு இரண்டு வழிகள் உண்டு. இயந்திரம் மாட்டப்படும் பின்பலகையின் வெளிப்புறத்தில் தாங்கியொன்றைப் பூட்டி அதில் உணரியை வைப்பது ஒன்று. படகின் உட்புறத்தில் அடித்தளத்தோடு ஒட்டி, கண்ணாடியிழையின் ஊடாகவே ஒலியை அனுப்புவது மற்றது. தேர்வு செய்யும்போது உங்கள் படகு இரவில் எங்கே உறங்குகிறது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குருநகர் போன்ற இடங்களில் நீரிலேயே கட்டிவைக்கப்படும் படகுக்குப் பின்பலகைப் பொருத்தலே சிறந்தது. மணற்கரையில் இழுத்து ஏற்றப்படும் படகின் பின்புறத்தில் நீண்டிருக்கும் எதுவும் நெடுங்காலம் நிலைக்காது. அத்தகைய படகுக்கு உட்புறப் பொருத்தலையோ, தடை ஏற்பட்டால் மேலே மடிந்துகொள்ளும் தாங்கியையோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

பின்பலகையில் இடம் தேடுதல்

இந்த ஒரு வேலைக்கு அரை நாளை ஒதுக்கத் தயங்காதீர்கள். மற்ற எல்லாத் தவறுகளையும் பின்னர் திருத்திக்கொள்ளலாம், பின்பலகையில் இட்ட துளையைத் திருத்துவது கடினம்.

முதலில், நம்பிக்கையான ஒருவரிடம் படகை ஓட்டக் கொடுத்துவிட்டு, பின்புறத்தில் பாதுகாப்பாக அமர்ந்து, நீர் பின்பலகையை விட்டுப் பிரியும் விளிம்பை நிதானமாகப் பாருங்கள். படகு வேகமெடுத்ததும் சில இடங்களில் நீர் வெண்மையாகக் கொதித்துக்கொண்டு வெளியேறும். சில இடங்களில் பலகையின் கீழ்விளிம்பிலிருந்து கண்ணாடித் தகடுபோல் மடிப்பின்றி விலகிச் செல்லும். அடித்தளத்தில் நீளவாக்கில் ஓடும் புடைப்புகள், ஏராப் பட்டி (அடித்தளத்தின் நடுமுதுகில் ஓடும் பட்டி), பழைய ஒட்டுகள், நீர் வெளியேற்றும் துளைகள் ஆகிய ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் ஒரு குமிழிக் கோட்டை விட்டுச் செல்லும். அந்தக் கோடுகளுக்கு இடையிலுள்ள தெளிந்த பகுதியே உங்களுக்குத் தேவையான இடம். அதைப் பென்சிலால் பின்பலகையின் உச்சியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இயந்திரத்தின் அடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறியிலிருந்து தூரம். உணரிக்கும் விசிறிக்கும் இடையே குறைந்தது 38 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் பலரும் சொல்கிறார்கள். இடம் இருந்தால் இன்னும் தள்ளிவைப்பதே நல்லது. விசிறி சுழலும் திசையையும் பார்க்க வேண்டும். படகின் பின்னால் நின்று பார்க்கையில், முன்னோக்கி ஓடும்போது வலஞ்சுழியாகச் சுழலும் விசிறியின் இதழ்கள் வலப்பக்கத்தில் கீழ்நோக்கி இறங்குகின்றன, இடப்பக்கத்தில் மேல்நோக்கி எழுகின்றன. இறங்கும் பக்கத்திலேயே நீர் அமைதியாக இருக்கும் என்பதால் அத்தகைய இயந்திரத்துக்கு வலப்பக்கம் பொருத்தமானது. இயந்திரத்தை முழுமையாக இருபுறமும் திருப்பியும், மேலே உயர்த்தியும் பார்த்து, அதன் எந்தப் பகுதியும் உணரியில் முட்டாது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பொது வழிகாட்டிகளில் காணப்படாத ஒன்று எமது படகுகளுக்கு உண்டு. நீங்கள் எந்தப் பக்கத்தால் வலை இழுக்கிறீர்கள்? பின்புறத்துக்கு அண்மையாக வலப்பக்கத்தில் வலை ஏற்றும் வழக்கமிருந்தால், அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கி முதல் நாளிலேயே வலைக்கண்ணில் சிக்கும். வலையும் கிழியும், தாங்கியும் பிடுங்கப்படும். அப்படியானால் நீரோட்ட விதியைச் சற்று விட்டுக்கொடுத்து, விசிறியிலிருந்து நன்றாகத் தள்ளி இடப்பக்கத்தில் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். தொழிலுக்கு இடைஞ்சலான கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஒரு மாதத்துக்குள் கழற்றப்பட்டுவிடும்.

இடம் தெரிந்த பிறகும் துளையிட அவசரப்படாதீர்கள். நேரான மரச்சட்டம் ஒன்றின் முனையில் உணரியைக் கட்டி, அதைக் குறித்த இடத்தில் இரண்டு இறுக்கிகளால் பின்பலகையோடு இறுக்கி, கேபிளை மேலே வழிவிட்டுக் கட்டி, கருவியை இயக்கி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சட்டம் வேகத்தைத் தாங்காது என்பதால் மிதமான ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஓட்டத்திலேயே ஆழம் அறுபட்டு அறுபட்டு வருமானால் சட்டத்தை ஒரு சாண் நகர்த்தி மறுபடியும் பாருங்கள்; பலகை இன்னும் பழுதுபடாமல்தானே இருக்கிறது.

உயரமும் சாய்வும்

படகைக் கரையில் நிறுத்தி, நீண்ட நேர்சட்டம் ஒன்றை அடித்தளத்தின் கீழ் ஒட்டிப் பிடித்துப் பின்பலகைக்கு அப்பால் நீட்டினால், அடித்தளத்தின் மட்டம் எங்கே வருகிறது என்பது தெரியும். கண்ணாடியிழைப் படகில் உணரியின் அடிமுகம் அந்த மட்டத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் கீழே இருக்க வேண்டும். அலுமினியப் படகானால் 10 மில்லிமீற்றர். மேலே ஏறினால் பின்பலகைக்குப் பின்னால் உண்டாகும் காற்றுக் குமிழிகளில் உணரி அகப்படும். மிகவும் தாழ்ந்தால் நீரைக் கிழித்துத் தூவானம் எழுப்பி, தானே குமிழியை உண்டாக்கும். உணரியின் முகம் படகு நீரில் மிதக்கும் நிலைக்குக் கிடையாக இருக்க வேண்டும். அடித்தளம் இருபுறமும் சரிந்திருந்தாலும் அந்தச் சரிவைப் பின்பற்றாமல் நீர்மட்டத்தையே பின்பற்றுங்கள். நீளவாக்கில் பார்க்கும்போது பின்முனை முன்முனையைவிட மயிரிழை தாழ்ந்திருப்பது நல்லது. முன்முனை ஒருபோதும் தாழ்ந்திருக்கக் கூடாது.

துளையிடுதல்

எமது படகுகளில் பலவற்றின் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை வைத்து அதன்மேல் கண்ணாடியிழை பூசப்பட்டிருக்கும். திருகாணித் துளை வழியாக உப்புநீர் அந்த மரத்துக்குள் இறங்கினால் அது வெளியே தெரியாமலேயே உக்கிப்போகும். இயந்திரத்தின் முழு எடையையும் இழுவையையும் தாங்குவது அதே பலகை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையையும் இடுங்கள். துளைகளைக் குறைக்க விரும்புவோர், கடினமான பிளாஸ்ரிக் பலகைத் துண்டொன்றை முதலில் பின்பலகையில் ஒட்டி, அதில் மட்டும் தாங்கியைத் திருகலாம். பிற்காலத்தில் உணரியை மாற்றும்போதும் படகில் புதிய துளை தேவைப்படாது.

நேரடியாகத் துளைப்பதானால், தாங்கியை வைத்து நீள்துளைகளின் நடுப்பகுதியில் புள்ளி குறியுங்கள். பின்னர் உணரியை மேலும் கீழும் நகர்த்தித் திருத்த அந்த நீள்துளைகள் இடம் தரும். புள்ளிகளின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, துளைகருவியை முதலில் எதிர்த்திசையில் சுழலவிட்டு மேற்பூச்சை மெல்ல அரைத்துக்கொண்டு, அதன் பின்னரே நேர்த்திசையில் துளையுங்கள். இவ்வாறு செய்தால் மேற்பூச்சு சிலந்திவலை போல் வெடிக்காது. திருகாணியின் நீளத்துக்கு மேல் துளை போய்விடாதபடி துளையூசியில் அந்த அளவுக்கு நாடா சுற்றிவைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீற்றர் திருகாணிக்கு 4 மில்லிமீற்றர் துளை பொதுவாகப் போதும். துளையின் வாயைச் சற்று அகலித்து, தூசியைத் துடைத்து, உள்மரத்தின் சுவரில் எபொக்சியைத் தடவி உலரவிடுங்கள். திருகாணிகள் 316 தரத் துருவேறா உருக்காக இருக்க வேண்டும். சாதாரண நாகமுலாம் பூசியவை எமது உப்புக்காற்றில் ஓராண்டைத் தாண்டுவது அரிது.

துளையிலும் திருகாணியின் புரியிலும் தாங்கியின் பின்புறத்திலும் கடல்தேவைக்கான பொலியுரேதேன் அடைப்பானைத் தாராளமாகப் பூசுங்கள். குளியலறைக்கு வாங்கும் சிலிக்கன் நீருக்கடியில் பிடியை விட்டுவிடும், ஆகவே அது வேண்டாம். திருகாணியை இறுக்கும்போது அடைப்பான் சுற்றிலும் சமமாகப் பிதுங்கி வந்தால் வேலை சரி. மேலேயுள்ள நிலைநிறுத்தும் திருகாணிக்கு இப்போது துளையிட வேண்டாம். வேகச் சோதனை முடிந்த பிறகே அதைப் பூட்ட வேண்டும். அடைப்பான் இறுக ஒரு நாளாவது விடுங்கள்.

கேபிளும் மின்சாரமும்

கேபிளை வெட்டவோ ஒட்டவோ கூடாது. அதன் வழியே வரும் எதிரொலிச் சமிக்ஞை மிக நுண்ணியது. ஒட்டிய இடத்தில் சிறிது ஈரம் புகுந்தாலும் போதும், எல்லாம் குழம்பிவிடும். மிஞ்சிய நீளத்தை எட்டு வடிவில் மடித்து உலர்ந்த இடத்தில் கட்டிவையுங்கள். பின்பலகையின் மேல்விளிம்பைக் கடந்து கொண்டுவர முடியுமானால் துளையே தேவையில்லை. துளை இட்டாலும் நீர்மட்டத்துக்கு நன்கு மேலே இட்டு, மூடியும் அடைப்பானும் வைத்து மூடுங்கள். இயந்திரத்தின் மின்வயர்களோடும் வானொலித் தொடர்பாடற் கருவியின் அலைவாங்கிக் கேபிளோடும் சேர்த்துக் கட்டாமல் எதிர்ப்பக்கமாகக் கொண்டு செல்லுங்கள். மடியும் தாங்கியானால் அது முழுதாக மடிவதற்குப் போதிய தளர்வு விட வேண்டும்.

கருவிகள் பெரும்பாலும் 12 வோல்ற்றில் இயங்குபவை. கயிறு இழுத்து இயக்கும் சிறிய இயந்திரத்தில் பற்றரி இராது. அத்தகைய படகுக்கு 7 அம்பியர்-மணி கொண்ட மூடிய பற்றரி ஒன்று போதும், ஏனெனில் ஐந்து அங்குலத் திரை கொண்ட கருவி ஒன்று பொதுவாக ஒரு அம்பியருக்கு மேல் எடுப்பதில்லை. நேர்முனை வயரில் பற்றரிக்கு அண்மையாக, கருவியின் கையேடு சொல்லும் அளவிலான உருகியை இடுங்கள். சிறிய கருவிகளுக்கு அது வழக்கமாக 3 அம்பியர். இதை விட்டுவிட்டு நேரடியாக இணைப்பது தீவிபத்துக்கு வழிவிடுவதாகும், பெற்றோல் கலன் இருக்கும் படகில் அதற்கு இடமே இல்லை.

உட்புறத்தில் ஒட்டுதல்

கரையேற்றும் படகுக்காரர் இந்த முறையைத் தயக்கமின்றிப் பரிசீலிக்கலாம். தடித்த ஒரே அடுக்குக் கண்ணாடியிழை ஒலியைக் கடத்தும். மிதப்புக்காக நுரை அடைக்கப்பட்ட இரட்டைத் தளமும், நடுவில் மரம் வைத்த தளமும் கடத்தமாட்டா. நுரை என்பதே காற்றுக் குமிழிகளின் தொகுதிதான். ஆகவே நுரை இல்லாத வெற்று அடித்தளத்தை, பின்புறத்துக்கு அண்மையாக, ஓடும்போதும் நீரை விட்டு எழாத பகுதியில் தேடிக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு முன் சோதிக்க எளிய வழியுண்டு. மெல்லிய பொலித்தீன் பையில் நீர் நிரப்பி, குமிழி இல்லாமல் கட்டி, ஈரமாக்கிய அடித்தளத்தில் வைத்து, அதன்மேல் உணரியை அழுத்திப் பிடியுங்கள். ஆழம் தெளிவாக வந்தால் அந்த இடம் ஏற்றது. பின்னர் அவ்விடத்தை உரப்பான உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தமாக்கி, மெதுவாக இறுகும் எபொக்சியைக் குமிழி புகாதபடி ஆறுதலாகக் கலந்து ஊற்றி, உணரியை ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்கி, சற்றே முறுக்கி அழுத்துங்கள். அடியில் சிக்கிய காற்று ஓரமாக வெளியேறும். இம்முறையில் சமிக்ஞையின் ஒரு பகுதி கண்ணாடியிழையிலேயே இழக்கப்படும், நீரின் வெப்பநிலையும் சரியாகத் தெரியாது, உயர் அதிர்வெண்ணில் படம் காட்டும் வசதிகளும் இயங்கா. எமது ஆழங்களில் அடிமட்டத்தை அறிய இந்த இழப்பு தடையாக இராது.

சோதித்தலும் சரிபார்த்தலும்

படகை அமைதியான நீரில் நிறுத்தி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் அரை மீற்றருக்கு ஒரு முடிச்சு வீதம் போட்டு இறக்கிப் பாருங்கள். உணரி நீர்மட்டத்துக்கு 20 சென்ரிமீற்றர் கீழே இருப்பதாகவும் கருவி 1.6 மீற்றர் காட்டுவதாகவும் கொண்டால், கயிறு 1.8 மீற்றர் சொல்ல வேண்டும். கருவியின் அமைப்பில் 0.2 என்று கூட்டிக்கொடுத்தால் திரை நீரின் முழு ஆழத்தைக் காட்டும். பரவைக்கடலில் ஓடுவோர் வேறு விதமாக அமைப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து. இயந்திரத்தின் அடிமுனை நீர்மட்டத்துக்கு 60 சென்ரிமீற்றர் கீழே இருந்தால், அது உணரியைவிட 40 சென்ரிமீற்றர் தாழ்வானது; அமைப்பில் 0.4 ஐக் கழித்துக்கொடுத்தால் அதே இடத்தில் திரை 1.2 என்று காட்டும். அது விசிறிக்கும் அதன் அடிமுனைக்கும் கீழே உண்மையில் மிஞ்சியிருக்கும் நீர். படகு தரைதட்டுமா என்ற கேள்விக்கு அந்த எண் நேரடியாக விடை சொல்கிறது.

பிறகு வேகச் சோதனை. மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுங்கள். எந்த வேகத்தில் ஆழம் மறைகிறது என்பதைக் கவனித்து, உணரியை 3 மில்லிமீற்றர் இறக்கி மறுபடியும் ஓடுங்கள். உணரியிலிருந்து நீர் விசிறிபோல் மேலெழுந்தால் அதே அளவு உயர்த்துங்கள். வழக்கமாகத் தொழிலுக்கு ஓடும் வேகம் வரை எண் அறுபடாமல் வந்தால், நிலைநிறுத்தும் திருகாணியை அடைப்பானோடு பூட்டிவிடலாம். திரையில் செங்குத்தாகச் சிறு கோடுகள் தோன்றி, இயந்திரத்தின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது குமிழி அன்று, மின் இடையூறு. கேபிளின் வழியை மாற்ற வேண்டும்.

ஒரு மீற்றருக்கும் குறைந்த நீரில் கருவியை நம்ப வேண்டாம். அங்கே எதிரொலி நீர்மேற்பரப்புக்கும் அடிக்கும் இடையே இருமுறை போய்வந்து, இருப்பதைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தைக் காட்டக்கூடும். அடர்ந்த சாதாழையின் நுனியைக் கடலடி என்று காட்டுவதும் உண்டு. அந்த ஆழத்தில் கோல் ஊன்றிப் பார்ப்பதே நம்பகமானது.

பராமரிப்பு

நீரிலேயே கிடக்கும் உணரியின் முகத்தில் பாசியும் கொட்டலசும் விரைவில் பிடிக்கும். பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரும் மென்மையான துணியும் கொண்டு கிழமைக்கு ஒரு தடவை துடைத்தால் அவை வேரூன்றா. வேரூன்றிய கொட்டலசைக் கத்தியால் சுரண்டாமல் மரக்குச்சியால் தள்ளி எடுங்கள். அசிற்றோனும் தின்னரும் பிளாஸ்ரிக்கை உருக்கிவிடும்; பாசிதடுப்பு வர்ணம் பூசுவதானால் நீர் அடிப்படையிலான வர்ணத்தையே மெல்லிய ஒரே பூச்சாகப் பூசுங்கள். இணைப்பு முனைகளை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தி, திரையைக் கழற்றும் நாள்களில் மூடியிட்டு வையுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் படகு கரையில் நிற்கும்போது, தாங்கியின் திருகாணிகளைச் சுற்றி அடைப்பான் வெடித்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தட்டிப் பார்த்து, வெடித்திருந்தால் அந்தத் திருகாணியை முழுதாகக் கழற்றி, துளையை உலரவிட்டு, புதிய அடைப்பானோடு மீண்டும் பூட்டுங்கள்.